நீலக் கல்லும் இரண்டு தட்டும்

ஜனவரி 9

சகல சம்மட்டிகளுக்கும் தலைவியாகிய என் அக்கா மகளுக்கு, பட்டறையிலிருந்து நாடு கடத்தப்பட்ட மாமன் எழுதிக்கொள்வது.

முதலிலேயே கைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிடுகிறேன். (முழுசாக இருப்பது ஒரு கைதான் என்பதால் தொடையில் அடித்துக்கொண்டேன்.) இந்தக் கடிதத்திலும் இனி வரப்போகிற கடிதங்களிலும் நான் எழுதுவதை உலகத்தில் ஒரு ஜீவன் நம்பப் போவதில்லை. நீ நம்ப மாட்டாய். உன் அம்மா நம்ப மாட்டாள். உறையை ஆவி காட்டிப் பிரித்துப் படிக்கிற தபால்காரர் யாராவது இருந்தால், அவரும் நம்பாமல் திருப்பி ஒட்டிவிடுவார்.

நான் இப்போது வசிப்பது ஓர் அரண்மனை. மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் பழைய டயர் அடுக்கு. முன்னால் டயர்க்கடை. அதன் முதலாளிதான் எனக்கு இடம் கொடுத்தவர். அவர் பெருமூச்சு விட்டால் நாலு டயருக்குக் காற்று ஏறிவிடும், அப்படிப்பட்ட உடம்பு. மேலே மாடியில் ஒரு தையல்காரம்மா. அவருடைய மிஷினின் கடகடவைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உலை வைத்துவிட்டேன். அடைகல்தான் இல்லை. காய்ச்சிய இரும்பை மடியில் வைத்தா அடிக்க முடியும்? இரும்புச் சாமான் கடைக்குப் போய் இருப்பதிலேயே மலிவான ஒன்றைத் தூக்கி வந்தேன். வார்ப்பிரும்பு. மேலே நீலப் பெயிண்ட். மூக்கு, வாத்து மூக்கு. பெயிண்டைச் சுரண்டினால் பள்ளம், பள்ளத்துக்குள் சுவருக்குப் பூசுகிற பட்டி. அதன் மென்மையை எப்படிச் சொல்வேன்? முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் யோசித்தேன். எழுந்தபோது முழங்கை அளவுக்குக் குழி. ஒரு பூனை அதன்மேல் குதித்து ஓடியது. நான்கு பாதமும் நகத்தோடு பதிந்துவிட்டது. பேரிங் குண்டு ஒன்றை மேலேயிருந்து போட்டுப் பார்த்தேன். நல்ல கல்லாக இருந்தால் துள்ளிக் கைக்கே திரும்பி வரும். இது விழுந்த இடத்திலேயே படுத்துக் குறட்டை விட்டது. சுத்தியால் தட்டினால் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி 'தொப்'.

இதை நான் ஓர் அடைகல்லாக ஆக்கிக் காட்டுகிறேன். உன் அப்பா விட்டுப்போன கல் இருக்கிறதே, நீ வைத்துக்கொண்டிருக்கிறாயே, அது இதைப் பார்த்து வெட்கப்பட்டு உலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. அன்றைக்கு நான் தட்டினேன். நீதான் நிறுத்தவில்லை. நம்ப முடியாத விஷயங்களின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்.

உன் மாமன்


ஜனவரி 21

மாமா,

கடிதம் வந்தது. போனை எடுக்க மாட்டேன் என்று சொன்னது கோபத்தில் மட்டும் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்க எனக்கு இஷ்டமில்லை. எழுத்து என்றால் தாளை மூடிவைத்துவிட்டு நிதானமாகக் கோபப்படலாம்.

தட்டினீர்களாம். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். குறட்டில் இரும்பைப் பிடித்திருந்தது நீங்கள். எதிரே நின்று சம்மட்டி போட்டது நான். உங்கள் கைச்சுத்தி எங்கே விழுகிறதோ அங்கேதான் என் சம்மட்டி விழ வேண்டும். என் கண் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. 'நிறுத்து' என்பதற்குக் கைச்சுத்தியால் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு. ஊதுகாற்றின் இரைச்சலில் வாய்ப்பேச்சை நம்பக் கூடாது என்று அப்பா வைத்த வழக்கம் அது. அந்த 'டிங் டிங்' காதில் விழுந்தால் நான் யோசிக்கக்கூட வேண்டாம், கை தானாகப் பின்னால் போய்விடும். எத்தனை வருஷம் அப்படி நிறுத்தியிருக்கிறேன். அன்று குறடு வழுக்கியது. பிடியை மாற்ற இடது கையை முன்னால் கொண்டுவந்தீர்கள். தட்டு வரவில்லை. சம்மட்டி வந்தது.

அன்று காலையிலிருந்தே உங்கள் வாய் ஓயவில்லை. பின்னறையில் குழந்தை தூங்கட்டும், கல் கத்தாமல் இருக்கட்டும் என்று அதன் இடுப்பில் ஒரு சங்கிலியை இறுக்கிச் சுற்றினேன். அதையும் விடவில்லை நீங்கள். "என்னம்மா, கல்லுக்கு நகையெல்லாம் போட்டு வச்சிருக்கே, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" அப்புறம் மாப்பிள்ளைக் கல் என்ன எடை, என்ன உத்தியோகம் என்று ஒரு கதை. இரும்பு காயும்போது பாதி, அடிக்கும்போது கத்திக் கத்தி மீதி. கதை நடுவில் தட்ட மறந்துவிட்டீர்கள். நடந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் நான் சொன்னதும் அதுதான்.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள், வந்த வேலையைச் சொல்வதற்கு முன்பே "மாமன் கையை..." என்று இழுக்கிறார்கள். சம்மட்டியைத் தூக்கினால் தோளில் நடுக்கம். கைச்சுத்தியில் ஆகிற வேலையை மட்டும் வாங்கிச் செய்கிறேன்.

நீங்கள் ஒன்று செய்தால் போதும். வந்து அம்மா முன்னால் "நான் தட்டல" என்று சொல்லுங்கள். பிறகு பட்டறை, சாப்பாடு, படுக்கை எல்லாம் பழையபடி. அதுவரை வர வேண்டாம்.

அந்த நீலச் சாமான் அடைகல் இல்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்க ஆகும்.


பிப்ரவரி 6

சம்மட்டியம்மாவுக்கு,

முட்டுக் கொடுக்க ஆகும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைக் கல்லிடம் படித்துக் காட்டினேன். அவமானத்தில் அதன் நீலம் கறுத்துவிட்டது.

டயர்க்கடைக்காரரின் கிரைண்டரை வாங்கி மேல்முகத்தைச் சமன் செய்தேன். பறந்த தூளில் தெருவே மறைந்து, பட்டப்பகலில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. பிறகு பழைய சாமான் கடையைக் கிளறி, மண் அள்ளுகிற எந்திரத்தின் வாளி விளிம்பு ஒன்றைப் பிடித்தேன். அருமையான எஃகு, என் கட்டைவிரல் தடிமன். (எந்தக் கையின் கட்டைவிரல் என்று கேட்காதே, அது இரண்டு கையிலும் பிழைத்திருக்கிறது.) கல்லின் மேல் உட்காரும்படி அதை வெட்டிவைத்து, சுற்றிலும் பற்றவைத்தேன். அந்த மழமழப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

சாயங்காலம் டயர்க்கடைக்காரரும் நானும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதை ரசித்துக்கொண்டிருந்தோம். 'டிக்' என்று ஒரு சத்தம். பற்றவைத்த இடத்தில் ஒரு விரிசல் கிளம்பி, கல்லை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இறங்கி, தரையில் ஊர்ந்து, அவர் கையிலிருந்த கிளாஸில் ஏறி அதை இரண்டாகப் பிளந்தது. அவர் நிதானமாகக் கையை உதறிவிட்டு, "உங்க வேலைக்கு நல்ல வீச்சு இருக்கு, ஐயா" என்றார்.

சரி, உன் நிபந்தனைக்கு வருகிறேன். என் வாயில் வராத பொய் உண்டா? உன் கல்யாணத்தில், நீர்மூழ்கிக் கப்பலுக்கே கொண்டி அடித்துக் கொடுத்தவன் நான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லையா? உன் அம்மா பக்கத்தில் நின்று "ஆமா, ஆமா, ரெண்டு கொண்டி" என்று எண்ணிக்கை வேறு கொடுக்கவில்லையா? அந்த வாயால் "நான் தட்டல" என்று அரை மூச்சு வாக்கியம். பழகிப் பார்த்தேன். டயர் அடுக்கை உன் அம்மாவாக நினைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப்பட்ட பொய் சொன்னவனுக்கு இந்த ஒன்று மட்டும் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியவில்லையா, தெரிய வேண்டாமா?

சுத்தி கல்லைத் தொட்ட அதிர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

உன் மாமன்


பிப்ரவரி 17

மாமா,

வார்ப்பிரும்பைக் காய்ச்சாமலா பற்றவைத்தீர்கள்? அந்தக் கல்லுக்குக் கால் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்.

விரிந்த இடத்தை அடிவரை நோண்டி எடுங்கள். தகட்டின் நடுவிலும் வரிசையாகத் துளை போட்டு, அந்தத் துளைகள் வழியாகவும் கல்லோடு பற்றவைக்க வேண்டும். ஓரத்தை மட்டும் ஒட்டினால் நடுவில் காற்று நிற்கும், அடி உள்ளே இறங்காது. நிக்கல் ராடு வாங்குங்கள். அதற்கு முன் முழுக் கல்லையும் கரியில் போட்டுக் காய்ச்சுங்கள். தண்ணீர் தெளித்தால் சொட்டு உருண்டு ஓட வேண்டும், அந்தச் சூடு. கொஞ்சம் பற்றவைத்து நிறுத்தி, சுத்தியால் மெல்லத் தட்டிக்கொடுத்து, மறுபடி கொஞ்சம். முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடியும் விரியும்.

இதைப் பாசத்தில் எழுதவில்லை. கெட்ட வேலையைப் பற்றிப் படித்தால் எனக்குத் தூக்கம் வராது.

நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்ற இடம் நன்றாக இருந்தது. நீங்கள் எழுதியதிலேயே அதுதான் நம்புகிற மாதிரி இருந்தது, அதனாலேயே அதன்மேல் எனக்கு அதிக சந்தேகம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நடிப்புடி. சின்ன வயசுலயும் இப்படித்தான், சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு, சர்க்கரையைக் காணோம்னு அவனே முதல்ல அழுவான்" என்றாள்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். கண்ணை மூடினால் எனக்கு இன்னும் அந்தச் சம்மட்டி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் தட்டவில்லை என்றால் அது விபத்து. தட்டினீர்கள் என்றால், கேட்ட பிறகும் நான் இறக்கினேன் என்று ஆகிறது. என்னை எதை ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்?


ஏப்ரல் 2

என் அக்கா மகளுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கோபத்தில் எழுதினாலும் கைப்பக்குவம் பிசகாமல் எழுதியிருக்கிறாய். கல்லைக் காய்ச்சியபோது அந்தச் சூட்டில் டயர்க்கடைக்காரர் பாதியாக இளைத்துவிட்டார். அவர் வீட்டம்மா அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார். சாம்பலில் புதைத்துவிட்டு, உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பக்கம் போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டேன். எடுத்தபோது ஒரு மயிரிழை விரிசல் இல்லை. ஓரங்களின் கூர்மையை அரத்தால் மழுக்கி, கனமான மரக்கட்டைமேல் உட்காரவைத்து, நான்கு பக்கமும் போல்ட் போட்டேன். பேரிங் குண்டைப் போட்டேன். துள்ளியது. கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது இன்னும் கீழே வரவில்லை.

சத்தம் என்றால் சத்தம். ஈரச் சாக்கு மாதிரி இருந்தது இப்போது கணீர் என்கிறது. நான் தட்டினால் பஸ்கள் நிற்கின்றன, கண்டக்டர் மணி அடித்துவிட்டதாக நினைத்து. முதலாவதாக ஓர் ஆள் கீழே இறங்கி வந்து சண்டை போட்டார், மாடித் தையல்காரம்மா. "ஐயா, நீங்க ஒரு தட்டு தட்டினா என் ஊசி ரெண்டு தையல் தாண்டுது. சட்டை தைக்கறேனா, வலை பின்னறேனா?" நியாயம்தானே. நீ செய்ததையே நானும் செய்தேன். கல்லின் இடுப்பில் ஒரு சங்கிலியை இறுக்கிச் சுற்றினேன். அடங்கிவிட்டது. தையல்காரம்மா ஜன்னலிலிருந்து கும்பிட்டார்.

இனி எழுதுவதில் மிகை எதுவும் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன்.

ஒரு கேட்டுக்குத் தடித்த கம்பி வளைக்க வேண்டியிருந்தது. தனியாக முடியாது. டயர்க்கடைக்காரர் சம்மட்டி போடுகிறேன் என்றார். சங்கிலி கட்டுவதற்கு முன்பே அவருக்குத் தட்டு பழக்கிவைத்திருந்தேன். 'டிங் டிங்' என்றால் சிலை மாதிரி நின்றுவிடுவார். அன்று சங்கிலி இருந்தது. பாதி அடியில் கம்பி நழுவியது. தட்டினேன். இரண்டு தட்டு. அவர் நிறுத்தவில்லை. இந்தமுறை என் கை உள்ளே போகவில்லை. கற்றுக்கொண்ட கை. சம்மட்டி வெறும் இரும்பில் விழுந்தது.

"தட்டினேனே" என்றேன்.

"தட்டினீங்களா, எப்போ?" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதற்கெல்லாம் அவருக்குச் சோம்பல்.

சங்கிலியைக் கழற்றினேன். அடிக்கச் சொன்னேன். தட்டினேன். நின்றார். கட்டினேன். தட்டினேன். சம்மட்டி இறங்கியது. ஊதுகாற்றும் சேர்ந்தால் அந்த 'டிங்' முழுவதையும் சங்கிலி விழுங்கிவிடுகிறது.

நீ கேட்டும் இறக்கவில்லை. நான் தட்டாமலும் இருக்கவில்லை. நம் இரண்டு பேர் கண் முன்னாலும்தான் அது கிடந்தது. நீ கட்டினாய், நான் நகை என்று சிரித்தேன்.

உன் மாமன்


ஏப்ரல் 12

மாமா,

நல்ல கதை. இதுவரை எழுதியதிலேயே நல்ல கதை. பூனை, பஸ், டீ கிளாஸ் எல்லாம் இதற்குக் கட்டிய தோரணம் என்று இப்போது தெரிகிறது.

இத்தனை மாசம் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் குழந்தைக்காக நான் கட்டிய சங்கிலியை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள். முதலில் நீங்கள் சொன்னது நான் கவனிக்கவில்லை என்று. இப்போது அதையும் தாண்டி, பட்டறையின் காதையே பொத்திவைத்தவள் நான். விரல் போனதற்கு என் பிள்ளையின் தூக்கம் காரணம். அவன் பெரியவனானதும் அவனிடமும் சொல்லுங்கள்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 18

கட்டிப் பார்.

மாமா


மே 5

மாமா,

கட்டிப் பார்த்தேன்.

முதலில் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்களிடமிருந்து இரண்டு வார்த்தையில் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன சமயம் பார்த்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கைச்சுத்தியைக் கொடுத்தேன். ஆணி அடிக்கத் தெரியாத மனுஷர். "எங்கயாவது ரெண்டு தட்டு தட்டுங்க, எப்பன்னு சொல்லாதீங்க, கையை மட்டும் தூரமா வச்சுக்குங்க" என்றேன். ஊதுகாற்றைப் போட்டேன். சங்கிலியைக் கட்டினேன். சம்மட்டியைத் தூக்கினேன், நடுக்கத்தோடுதான். அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் பயந்துபோய் என் தோளைப் பிடித்தார். "எத்தனை தடவைதான் தட்டறது? உனக்குக் காது போயிடுச்சா?"

கழற்றிவிட்டு ஒருமுறை. முதல் 'டிங்'கிலேயே கை நின்றுவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோறு இறங்காது. உங்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்று, முகம் கழுவுவதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, அந்தச் சங்கிலியைக் கழற்றிப் பரண்மேல் எறிந்ததுதான். ஏன் கழற்றினேன் என்று இதுவரை நான் என்னைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்கு மாமா தட்டினாரும்மா, சங்கிலியால எனக்குக் கேக்கல" என்றேன். அம்மா குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "சங்கிலியாம். அவன் எழுதி அனுப்பறதை நீ ஒப்பிக்கறியா? அவன் சொன்னா கல்லுக்கு வாய் முளைக்கும், சங்கிலிக்குக் காது முளைக்கும்" என்றாள். கட்டிக் காட்டுகிறேன் வா என்றேன். "அவன் பொய்க்கு நான் ஒரு காலத்துல சாட்சி சொன்னேன், இப்ப நீ ஆரம்பிச்சுட்டியா?" அவ்வளவுதான். பட்டறைப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறாள்.

நான் ஒருமுறை சொன்ன பொய்யை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நம்பினாள். உண்மையைச் சொன்னால் உங்கள் வாடை அடிக்கிறதாம்.

நிபந்தனை எதுவும் இல்லை. வாருங்கள். ஆனால் நீங்கள் வந்தால், இந்த வீட்டில் தட்டாதவராகத்தான் இருக்க வேண்டியிருக்கும். நான் மட்டும் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு எதிரே நிற்பேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கேட்டால் அதையும் நாளைக்கு யாரிடமாவது கதையாகச் சொல்வீர்கள்.


மே 15

அம்மாடி,

பட்டங்கள் எதுவும் இன்று கைவசம் இல்லை. அம்மாடி என்றே வைத்துக்கொள்.

வரவில்லை. அடைகல்லைப் போல்ட் போட்டுவிட்டேன் என்று சாக்குச் சொல்லலாம், டயர்க்கடைக்காரர் அழுகிறார் என்று சொல்லலாம். அக்கா வீட்டில் தட்டாதவனாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு முடியாது. விரல் போனதுகூட ஒரு மாதிரி பழகிவிட்டது. குறட்டின் கைப்பிடியில் ஒரு வளையம் மாட்டி, அது நழுவாமல் பிடித்துக்கொள்கிறேன். இதற்கு எந்த வளையத்தை மாட்டுவது?

உன் அம்மாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. என் பொய்க்கு உலகத்தில் முதல் ரசிகை அவள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு சொல்லு, இன்னொண்ணு சொல்லு" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இப்படி ஆனேன். அவள் சிரித்ததெல்லாம் இதற்குத்தான் என்றால், அப்போதே என் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம். அவளிடம் இனி எதையும் சொல்லாதே. நிரூபிக்கவும் வேண்டாம்.

நீ சம்மட்டியைத் தூக்கு. நடுக்கம் போகும். மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். இருக்கிறது, ஆனால் இப்போது கொடுக்கிற நிலையில் இல்லை. சாம்பலுக்குள் புதைத்துவைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகாதீர்கள், அவசரப்பட்டு எடுத்தால் விரியும் என்று சொன்னது நீதான்.

என் கல்லில் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். தையல்காரம்மா மறுபடி சண்டைக்கு வந்தார். "இந்தத் தட்டு கேக்கணும்மா" என்று மட்டும் சொன்னேன். முறைத்துவிட்டு மிஷினை அடுத்த அறைக்கு நகர்த்திக்கொண்டார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, பார்.

யாரும் நம்பப் போவதில்லை என்று முதல் கடிதத்தில் சத்தியம் செய்தேன் அல்லவா, காப்பாற்றிவிட்டேன். இனி நீ குழம்ப வேண்டாம். பூனை வரவே இல்லை. முழங்கைக் குழி பொய். டீ கிளாஸ் அவர் கையிலிருந்து தவறி விழுந்தது. பேரிங் குண்டு டயர் அடுக்குக்கடியில் உருண்டுபோய்க் கிடந்து கிடைத்தது. எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. இந்தத் தெருவில் பஸ்ஸே கிடையாது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

தட்டினேன்.

மாமா